ஆரம்ப வகுப்பிற் பதிலாசிரியர்



"பதில்" என்னும் சொல்லுக்கு நம் வழக்கிலே இரு பொருள் உண்டு. வினாவுக்கு விடையாக வருவதும் பதில். ஒருவர் இல்லாதவிடத்து அவர் கடமையைப் பார்க்க வருபவரும் பதில். நீதிமன்றத்திலே பதில் நீதவான் அமர்கிறார். பணிமனையிலே பதிற் பணிப்பாளர் கையொப்பமிடுகிறார். இவர்களுக்கு நியமனக் கடிதம் உண்டு. கடமைக்கேற்ற அதிகாரமும் உண்டு. ஆரம்பப் பாடசாலையிலே மாதக் கணக்காக ஒரு வகுப்பைத் தாங்கி நிற்கும் பதிலாசிரியருக்கோ, பல இடங்களில், ஒரு கதிரையும் ஒரு வெண்கட்டிப் பெட்டியுமே உண்டு. அவரைப் பற்றியே இன்று சில வார்த்தை பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடல் வேண்டும். ஆசிரியர் ஒருவர் ஒரு நாள் வராதபோது மற்றோர் ஆசிரியர் அவர் வகுப்பிற் சென்றிருப்பதை "ரிலீவ்" என்று பாடசாலைகளில் வழங்குகிறோம். அங்கே வகுப்பு அமைதியாக இருந்தாற் போதும் என்பதே பெரும்பாலும் எதிர்பார்ப்பு. நான் சொல்ல வருவது அஃதன்று. ஒரு தவணை, இரு தவணை, சில வேளை ஓராண்டு முழுவதும், வேறொருவருடைய வகுப்பைத் தம்முடையதாகக் கொண்டு நடத்துவோரைக் குறித்தே சொல்லுகிறேன்.

மேல் வகுப்புக்களிலே கணித ஆசிரியர் இல்லையென்றாற் கணிதம் ஒன்று கெடும். மற்றப் பாடங்கள் நடக்கும். ஆரம்பப் பிரிவிலே அப்படியன்று. தரம் 1 முதல் 5 வரை, தாய்மொழி, கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் ஆகியவற்றையெல்லாம் பெரும்பாலும் வகுப்பாசிரியர் ஒருவரே கற்பிக்கிறார். ஐந்து வயது நிறைந்து பாடசாலைக்கு வரும் குழந்தைக்கு அவர் ஆசிரியர் மட்டுமல்லர். சோற்றுப் பொதியை அவிழ்த்துக் கொடுப்பவரும், அறுந்த செருப்பைக் கட்டிவிடுபவரும், காய்ச்சலைத் தொட்டறிந்து வீட்டுக்குச் சொல்லியனுப்புபவரும் அவரே. அவர் போய்விட்டால் அக்குழந்தையின் பாடசாலையே போய்விட்டது என்னலாம்.

ஏன் போகிறார்? நமது ஆரம்பப் பிரிவுகளிற் கற்பிப்போருட் பெரும்பாலார் பெண்கள். அரச சேவையிலுள்ள தாய்க்குப் பிரசவத்தின்பொருட்டு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் விடுமுறை உண்டு. அதன்மேல் அரைச் சம்பளத்துடன் 84 நாட்களும், சம்பளமின்றி மேலும் 84 நாட்களும் பெறலாம். மிக நியாயமான ஏற்பாடு. இதிற் குறை கூறுவார் எவரும் என் முன்னே நின்று கூறாதிருப்பது நன்று. ஆனால் 84 வேலை நாட்கள் என்பது ஏறக்குறையப் பதினேழு கிழமை. ஒரு தவணையை அது விழுங்கிவிடும். இவையன்றி நீண்ட நோய் உண்டு. பதிலாளர் வருமுன்னரே நிறைவேறும் இடமாற்றம் உண்டு. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்லலாம் என்ற ஏற்பாடு வந்தது. ஆசிரியருட் சிலரும் அவ்வழியிற் சென்றனர். சென்றவரைக் குறை சொல்வதற்கில்லை. விட்டுச் சென்ற வகுப்பு அங்கேயே இருந்தது.

அந்த வகுப்பிற்கு வருபவர் யார்? ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வரலாம். அவர் வந்தால் அதிபர் நிம்மதியாக உறங்கலாம். பிள்ளையின் பெயரைக் கேட்டவுடன், "உன் அப்பாவுக்கும் ஏழாம் வாய்பாடுதான் வராது" என்று சொல்லக்கூடிய அம்மையார் ஒருவர் எமது பாடசாலைக்கு ஒரு தவணை வந்துதவினார். ஆனால் பெரும்பாலும் வருபவர் ஊரிலுள்ள இளம் பெண். உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்து, பல்கலைக்கழகத்துக்கோ கல்வியியற் கல்லூரிக்கோ அரச நியமனத்துக்கோ காத்திருப்பவர். தொண்டராசிரியர் என்னும் பெயர் அவருக்கு. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தார் மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் திரட்டிக் கொடுப்பர். அவருக்கும் சேலைதான் உடை. எங்களிடம் இருந்த ஒருவர், அத்தொகை பஸ் கட்டணத்துக்கும் சேலைக்குக் கஞ்சி போடுவதற்கும் சரியாக இருக்கிறதென்று சிரித்துக்கொண்டே சொல்வார். சிரித்துச் சொன்னாரென்பதற்காக அதை நகைச்சுவையாகக் கொள்ளலாகாது.

இவர்களைப் பற்றி நான் பேசுவதற்கு அதிபர் என்ற தகுதி ஒன்று மட்டும் காரணமன்று. 1991ஆம் ஆண்டிலே, பல்கலைக்கழக அனுமதியை எதிர்பார்த்திருந்த காலத்தில், வடபகுதிக் கரையோரக் கிராமம் ஒன்றிலே இரண்டாம் வகுப்பொன்றை ஓராண்டுக்கு மேலாக நானும் நடத்தினேன். யுத்தம் காரணமாக நிரந்தர ஆசிரியர் வர இயலாத காலம் அது. முதல் மூன்று கிழமையும் என் காதில் விழுந்த வாசகம் ஒன்றே: "ரீச்சர் இப்பிடிச் செய்யிறேல்ல, சேர்." வெண்கட்டியை எடுத்தாலும் அதுதான், பாட்டுத் தொடங்கினாலும் அதுதான். குறும்புக்காக அவர்கள் அதைச் சொல்லவில்லை என்பது விரைவிலேயே புலனாயிற்று. உலகம் நேற்றிருந்தபடியே இன்றும் இருக்கிறதா என்று குழந்தை தட்டிப் பார்க்கிறது, அவ்வளவே.

அவர்கள் சொன்னதில் உண்மையும் இருந்தது. கழித்தற் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 52 இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். இரண்டிலிருந்து ஏழு போகாது. ஓர் ஆசிரியர், "பக்கத்து வீட்டிலே ஒன்று கடன் வாங்கு" என்பார். மற்றொருவர் ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்து, ஐந்து கட்டுக்களில் ஒன்றை அவிழ்த்துவிடச் செய்வார். அவிழ்த்த பத்தும் இருந்த இரண்டும் பன்னிரண்டு. ஏழு போக ஐந்து. எஞ்சிய நான்கு கட்டில் இரண்டு போக இரண்டு. விடை இருபத்தைந்து. இரு முறையும் ஒரே விடையையே தரும். ஆயினும், கட்டை அவிழ்த்துப் பழகிய பிள்ளையிடம் கடனைப் பற்றிப் பேசினால், வாங்கிய கடனை எப்போது திருப்பிக் கொடுப்பது என்று கேட்கும். என்னிடம் ஒரு சிறுமி கேட்டாள். மறுநாள் நானும் ஈர்க்குக் கட்டிக்கொண்டு போனேன். எழுத்திலும் இவ்வாறே. சிலர் அகரத்திலிருந்து தொடங்குவர். சிலர் கைக்கு எளிய ட, ப, ம என்னும் எழுத்துக்களிலிருந்து தொடங்குவர். எது சிறந்தது என்று ஆசிரியர் மாநாட்டிலே வாதிக்கலாம். ஆண்டின் நடுவிலே, பாதி எழுத்துக் கற்ற குழந்தையின் கொப்பியின்மேல் அந்த வாதத்தை நடத்தக்கூடாது.

ஆகவே, பதிலாசிரியர் வந்த முதல் நாளிற் செய்யவேண்டியது தம் திறமையைக் காட்டுதலன்று. இருந்த பழக்கத்தை அறிந்து அதன்படி நடத்தலே. காலைப் பாட்டு எது, யார் எந்தப் பாயில் இருப்பது, தண்ணீர்க் குடத்துக்கு யார் பொறுப்பு என்பவை போன்ற சின்னஞ்சிறு ஒழுங்குகளே ஒரு வகுப்பின் கூரையைத் தாங்கும் மரங்கள். ஒரு மாதம் கழிந்தபின் தமக்கு நல்லதாய்த் தோன்றும் மாற்றத்தை அவர் செய்யட்டும். அப்போது பிள்ளைகள் அவரோடு வருவர்.

எதிர்ப்பக்கத்திலே ஒரு பிழை உண்டு. அது இதனினும் பெரிது. "நான் தற்காலிகமாக வந்தவள்தானே" என்றெண்ணிக் காவலிருத்தல். கரும்பலகை நிறைய எழுதிவிட்டு, "பார்த்து எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டால் வகுப்பு அமைதியாகத்தான் இருக்கும். வழியாற் செல்லும் அதிபருக்கும் மகிழ்ச்சியாயிருக்கும். 1998இற் கம்பகா மாவட்டத்திலே தொடங்கி 1999 முதல் நாடெங்கும் விரிந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதலிரு வகுப்புக்களில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் கூடிய இடத்தையும் எழுத்து வேலைக்குக் குறைந்த இடத்தையும் வகுத்தது. பயிற்சி பெறாத பதிலாசிரியர் கையில் இந்த ஒழுங்கு தலைகீழாவதைப் பல முறை கண்டிருக்கிறேன். அவரை நோவதிற் பயனில்லை. கல்வியியற் கல்லூரியிலே ஈராண்டு தங்கிப் படித்து, மூன்றாம் ஆண்டு பாடசாலையிற் பயிற்சி பெற்று வருகிறவருக்குத் தெரிவதெல்லாம், சென்ற கிழமை வரை வீட்டிலிருந்தவருக்கு எங்ஙனம் தெரியும்? ஆசிரியர் வழிகாட்டி நூலை அவர் கையிற் கொடுத்து, பக்கத்து வகுப்பாசிரியரை நாள்தோறும் அரை மணி நேரம் அவரோடிருக்கச் செய்வது அதிபரின் கடமை. அதைச் செய்யாத அதிபர், பதிலாசிரியர் சரியில்லை என்று வலயப் பணிமனைக்கு முறையிடுவது அழகன்று.

மேலும் ஒரு காரியம் உண்டு. அது எல்லாவற்றினும் முதன்மையானது. விடுமுறையிற் செல்லும் ஆசிரியர் எதை எழுதி வைத்துவிட்டுப் போகிறார்? வரவு இடாப்பு இருக்கும்; பாடக்குறிப்பு இருக்கும்; தேர்ச்சிப் பதிவுகளும் இருக்கும். இவை போதா. எவன் கரும்பலகை தெரியாமற் கண்ணைச் சுருக்குகிறான்? எவள் காலையில் உண்ணாமல் வருகிறாள்? எவனுக்கு இழுப்பு நோய் உண்டு? பாடசாலை விட்டதும் யாரோடு யாரை அனுப்பலாம், யாரோடு அனுப்பக்கூடாது? இறுதியாகச் சொன்னதை மிக அழுத்திச் சொல்லுகிறேன். குடும்பத்திலே பிணக்குள்ள வீட்டுப் பிள்ளையை வாயிலில் வந்து நிற்கும் உறவினரோடு அனுப்பலாமா என்பது, ஆறு மாதம் பழகிய ஆசிரியைக்குத் தெரியும். நேற்று வந்தவருக்குத் தெரியாது. எமது பாடசாலையிலே இவற்றுக்கென ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப் பக்கம். அது அலுமாரியிற் பூட்டப்பட்டிருக்கும். திறப்பு வகுப்பாசிரியரிடமும் அதிபரிடமும் இருக்கும். வீட்டுச் செய்திகள் ஊர்ச் செய்திகளாகிவிடலாகாதல்லவா?

2018ஆம் ஆண்டிலே நடந்த ஒன்றைக் கூறினால் இக்கருத்து விளங்கும். அப்போது நான் அதிபராயிருந்த பாடசாலையிலே, தரம் 1 ஆசிரியை இரண்டாந் தவணைத் தொடக்கத்திற் பிரசவ விடுமுறையிற் சென்றார். அவர் இடத்துக்கு ஊர்ப் பெண் ஒருவர் தொண்டராசிரியராக வந்தார். இருபத்து மூன்று வயதிருக்கும். வெளிவாரியாகப் பட்டப்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். வகுப்பிலே இருபத்தெட்டுப் பிள்ளைகள். அவர்களுள் ஒரு பையன் முதல் தவணை முழுவதும் வாய் திறந்திலன். செவியிற் குறையில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கேட்டதை விளங்கிக்கொள்வான்; எழுத்தை அழகாக எழுதுவான்; வாசி என்றாற் குனிந்துகொள்வான்.

இப்பெண் அவனை வாசிக்கும்படி கேட்கவேயில்லை. நாள்தோறும் இடைவேளையின்போது அவன் பக்கத்தில் இருந்து, வாசிப்பு நூலைத் தம் மடியில் வைத்துத் தாமே மெல்ல வாசிப்பார். பத்து நிமிடம் வாசித்துவிட்டு எழுந்து போய்விடுவார். இது ஏதாயினும் முறையா என்று நான் கேட்டேன். "தெரியாது சேர், என் தம்பிக்கு இப்படித்தான் செய்தேன்" என்றார். புரட்டாதி மாதத்திலே ஒருநாள், அவர் வேண்டுமென்றே ஒரு சொல்லைத் தவற விட்டார். பையன் அந்தச் சொல்லைச் சொன்னான்.

அந்த ஆசிரியை முழுச் சம்பள விடுமுறையின்பின் அரைச் சம்பள விடுமுறையும் பெற்று, 2019 தை மாதம் கடமைக்குத் திரும்பினார். பிள்ளைகள் தரம் 2க்கு ஏறியிருந்தனர். அதே வகுப்போடு அவரும் மேலே செல்வது எங்கள் ஒழுங்கு. அப்போதுதான் பிணக்கு எழுந்தது. பெற்றோர் பன்னிருவர் கையொப்பமிட்ட கடிதம் ஒன்று என் மேசைக்கு வந்தது: தொண்டராசிரியரையே இவ்வகுப்பில் வைத்திருக்க வேண்டும், நிரந்தர ஆசிரியைக்கு வேறு வகுப்புக் கொடுக்கலாம். கடிதத்தின் முதற் கையொப்பம் அந்தப் பையனுடைய தாயினது.

அவர்கள் கேட்டதில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் இசையவில்லை. பிள்ளை பெற்றதற்காக ஓர் ஆசிரியை தம் வகுப்பை இழப்பதாயின், அடுத்து விடுமுறை எடுக்கப்போகும் ஒவ்வொருத்தியும் அதை நினைத்து அஞ்சவேண்டி வரும். மேலும், நியமனமில்லாத ஒருவரை நம்பி ஓராண்டை ஒப்புக்கொடுத்தால், நாளை அவருக்கு வேறிடத்தில் நியமனம் வந்ததும் அதே பிள்ளைகள் மீண்டும் ஒருமுறை தனித்துப் போவர். இவற்றைப் பெற்றோருக்குச் சொன்னேன். சிலர் ஏற்றனர், சிலர் ஏற்காமலே எழுந்து சென்றனர். நிரந்தர ஆசிரியையின் நிலையோ மிகப் பரிதாபம். வாயிலில் அவரைக் கண்ட பிள்ளைகள் ஓடிச் சென்று மற்றவரின் சேலையைப் பிடித்துக்கொண்டனர். அவர் ஒன்றும் பேசாமல் என் அறைக்கு வந்திருந்தார்.

ஈற்றிலே, இருவரையும் இரண்டு கிழமை ஒரே வகுப்பில் இருத்துவதென்று தீர்மானித்தோம். முதற்கிழமை இளையவர் கற்பிக்க, மற்றவர் பின்னாற் பாயில் அமர்ந்து கொப்பி பார்த்தார். இரண்டாங் கிழமை இடம் மாறினர். இரண்டு கிழமைக்குரிய தொகையைச் சங்கத்தார் முகஞ் சுளியாமற் கொடுத்ததை இங்கே சொல்ல வேண்டும். ஒரு வகுப்புக்கு இருவரா என்று கேட்டவரும் இல்லாமல் இல்லை.

இனி, இவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனைப் பற்றிச் சிறிது பேச வேண்டும். இங்கிலாந்திலே இத்தகைய பதிலாசிரியர் பலரை முகவர் நிலையங்கள் பாடசாலைகளுக்கு அனுப்புகின்றன. முகவர் நிலையத்தின் மூலம் வரும் ஒருவர் ஒரே இடத்தில் ஒரே பணியைப் பன்னிரண்டு கிழமை செய்துவிட்டால், நேரடியாக அமர்த்தப்பட்டவருக்குரிய அடிப்படைச் சம்பளத்துக்கும் வேலை நிபந்தனைகளுக்கும் அவர் உரியவராவார் என 2011 ஒக்டோபர் மாதத்தில் நடைமுறைக்கு வந்த விதிகள் கூறுகின்றன. அந்நாட்டுப் பணவளம் நமக்கில்லை. ஆனால் ஒரு கடிதத் தாளுக்குப் பணவளம் வேண்டுவதில்லை.

இதை நான் காரணத்தோடுதான் சொல்கிறேன். 1991இல் என்னோடு அதே பாடசாலையில் அடுத்த வகுப்பை நடத்திய பெண்மணி, நான் பல்கலைக்கழகம் சென்ற பின்னரும் அங்கேயே நின்று கற்பித்தார். ஐந்து ஆண்டுகள். வடக்கிலும் கிழக்கிலும் யுத்த காலத்திலே பாடசாலைகளின் கதவு மூடாதிருந்தது இத்தகையோரால் என்பதை அக்காலத்துப் பிள்ளைகள் அறிவர். பின்னர் தொண்டராசிரியரை நிரந்தரமாக்கும் நேர்முகத் தேர்வுக்கு அவர் அழைக்கப்பட்டார். கற்பித்ததற்குச் சான்று கேட்டனர். இடப்பெயர்வின்போது பாடசாலையின் சம்பவத்திரட்டும் வரவுப் பதிவும் அழிந்து போயிருந்தன. அவரிடம் கற்ற பிள்ளைகள் இருந்தனர். அவர்களைச் சான்றாக எடுக்கும் வழக்கம் அந்தச் சபைக்கு இருக்கவில்லை. அவர் இப்போது தம் வீட்டுத் திண்ணையிற் சிறுபிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுக்கிறார்.

அதனால், எங்கள் பாடசாலையிலே பதிலாசிரியர் வந்த நாளிலேயே அவர் பெயரும் பொறுப்பேற்ற வகுப்பும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் எழுதப்படும். நாள்தோறும் வரவுப் பதிவிற் கையொப்பமிடுவார். தவணை அறிக்கையிலே, அவர் கற்பித்த தவணைக்கு அவர் பெயரே எழுதப்படும். வராதிருந்த ஆசிரியையின் பெயரன்று. போகும்போது, எந்த நாள் முதல் எந்த நாள் வரை எந்த வகுப்பைக் கற்பித்தார் என்ற கடிதம், அதிபரின் முத்திரையோடு இரு பிரதிகள். ஒன்று அவருக்கு, மற்றொன்று கோவைக்கு. இந்தக் கடிதத்தால் நியமனம் கிடைத்துவிடும் என்று எவருக்கும் நான் வாக்களிப்பதில்லை. கேட்பவர் முன்னே வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை என்பதே அதன் பயன்.

2019இற் சென்ற அந்தப் பெண்ணும் தம் கடிதத்தைப் பெற்றுக்கொண்டு சென்றார். போவதற்கு முன் பிள்ளைகளின் கொப்பியில் இருபத்தெட்டு அரைப் பக்கங்களையும் எழுதி முடித்திருந்தார். அடுத்த திங்கட்கிழமை காலை அவ்வழியே சென்றபோது, வகுப்பாசிரியை கொப்பியைத் திறந்து வைத்து வாசித்துக்கொண்டிருக்கக் கண்டேன். பையனுடைய பக்கத்தில் மூன்று வரிகளே இருந்தன: வாசிக்கிறான், உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டாம், பக்கத்தில் இருந்தாற் போதும். இடைவேளை மணி அடித்தது. ஆசிரியை கொப்பியை மூடிவிட்டு, வாசிப்பு நூலை எடுத்துக்கொண்டு பாயை நோக்கிச் சென்றார்.